தூரம் வகுத்த ஊர்கள்

வரலாறு என்றதும் அரசரும் போரும் உடன்படிக்கையுமே நம் நினைவிற்கு வருகின்றன. மக்கள் ஓய்வு நேரத்தில் எங்கே கூடினர், எவருடன் விளையாடினர், கூடிய இடங்கள் ஏன் மறைந்தன என்னும் வினாக்களும் வரலாற்றுக்கு உரியனவே. சந்தையையும் மடத்தையும் திண்ணையையும் ஆராயும் நாம், கணினி வழியே இளைஞர் கூடிய களங்களை ஒதுக்கிவிடுதல் முறையன்று. அத்தகைய களங்களுள் ஒரு வகையை, அவுஸ்திரேலியாவில் உள்ளூர் இணைய நிறுவனங்கள் நடத்திய துப்பாக்கி விளையாட்டுச் சேவையகங்களை, இன்றைய பேச்சிற்குப் பொருளாகக் கொள்கின்றேன்.

இவ்வகை விளையாட்டின் தோற்றம் 1973 ஆம் ஆண்டளவிற்குச் செல்கின்றது. கலிபோர்னியாவிலுள்ள நாசா ஏம்ஸ் ஆய்வு நிலையத்திற் பயிற்சி பெற்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர், இரண்டு கணினிகளைக் கம்பியால் இணைத்து, சுழல்வழிகளினூடே ஒருவரையொருவர் தேடிச் சுடும் 'மேஸ் வார்' என்னும் விளையாட்டை ஆக்கினர். இருபது ஆண்டுகள் கழிந்து, 1993 டிசெம்பர் 10 ஆம் நாள், 'டூம்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. நால்வர் சேர்ந்து ஆடலாம். ஆயினும் ஒவ்வொரு கணினியும் ஏனையோரின் அசைவு வந்துசேரும்வரை காத்திருக்கும். ஒருவர் பிந்தினால் அனைவரும் பிந்துவர். ஓர் அறைக்குள் அது பொருந்திற்று. தொலைபேசிக் கம்பி வழியே பொருந்தவில்லை.

1996 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த 'குவேக்' இக்குறையை வேறு வழியால் நீக்க முயன்றது. நடுவில் ஒரு கணினி நடுவராக நிற்கும். ஆடுவோர் தம் விசைகளின் செய்தியை அதற்கு அனுப்புவர். யார் எங்கே நிற்கின்றார், எவர் சுட்டது எவர்மேற் பட்டது என்பதை அதுவே தீர்மானித்து அனைவருக்கும் அறிவிக்கும். அந்நடுவரே சேவையகம். இனி ஒருவர் பிந்துவதால் மற்றவர் பிந்தார். ஆனால், நடுவருக்கு அருகிலிருப்பவன் வெல்வதும் தொலைவிலிருப்பவன் தோற்பதும் வழக்காயின.

இதன் காரணம் இயற்கை விதியிலேயே உள்ளது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். சிட்னிக்கும் லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர். போய் மீள 120 மில்லிசெக்கன் கட்டாயமாகச் செலவாகும். கடலடிக் கம்பியின் வளைவுகளும், வழியிலுள்ள கருவிகளும், வீட்டிலுள்ள மோடமும் அதற்குமேல் மேலும் பலவற்றைச் சேர்க்கும். இவ்வாறு போய் மீளும் நேரத்தை ஆடுவோர் 'பிங்' என்றனர். அந்த எண் குறைந்தோர், கூடியோர் என இரு சாதிகள் களத்திலே தோன்றின. திறமையினால் அன்றி வசிப்பிடத்தினால் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு இது.

அறிவியல் இதனை ஓரளவு தணித்தது. 1996 டிசெம்பரில் ஜோன் கார்மக் வெளியிட்ட 'குவேக்வேர்ல்ட்', நடுவரின் விடைக்குக் காத்திராமல், ஆடுவோனின் சொந்த அசைவைத் தானே முன்கணித்துத் திரையிற் காட்டியது. பின்னர், சுட்டவன் தன் திரையிற் கண்ட கணத்திற்குச் சேவையகம் காலத்தைப் பின்னோக்கிச் சென்று தீர்ப்பளிக்கும் முறையும் வந்தது. அதனை 2001 இல் யான் பேர்னியர் என்னும் பொறியியலாளர் எழுத்தில் விளக்கினார். ஆயினும் மதிலின்பின் மறைந்துவிட்டவன் அதன் பின்னும் குண்டுபட்டு வீழ்கின்ற விந்தையை இம்முறையே உண்டாக்கிற்று. தூரத்தை மறைக்கலாம், அழிக்க முடியாது.

ஆகவே சேவையகம் ஆடுவோனுக்கு அருகே வரவேண்டியதாயிற்று. இங்கேதான் உள்ளூர் இணைய நிறுவனங்கள் வரலாற்றினுள் நுழைகின்றன. அடிலெயிட் நகரில் 1991 இல் சைமன் ஹக்கற் தொடங்கிய 'இன்டர்நோட்', 'கேம்ஸ் டொட் ஒன் டொட் நெற்' என்னும் பெயரில் விளையாட்டுக் களங்களை நடத்திற்று. ரெல்ஸ்ரா நிறுவனம் 'கேம்அரீனா'வை நடத்தியது. பேர்த் நகரத்தவருக்குச் சிட்னியும் நேர்க்கோட்டில் 3,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தூரதேசமே. ஆதலால் மேற்குக் கரைக்குத் தனிச் சேவையகங்கள் வேண்டப்பட்டன.

இதிலே வணிகக் கணக்கும் இருந்தது. கடலடிக் கம்பி வழியே வரும் தரவிற்கு நிறுவனங்கள் மிகுந்த பணம் செலுத்தின. வாடிக்கையாளருக்கும் மாதந்தோறும் அளவு விதிக்கப்பட்டது. அதனைத் தாண்டினால் மேலதிகக் கட்டணம், அன்றேல் வேகக் குறைப்பு. தம் வலையமைப்புக்குள்ளேயே ஆடுவோனால் நிறுவனத்திற்குச் செலவு மிகச் சிறிது. ஆகவே சில நிறுவனங்கள் அத்தரவைக் கணக்கிற் சேர்க்காது விட்டன. இளைஞன் விரும்பி ஆடினான். தந்தையாரின் கட்டணச் சீட்டும் உயரவில்லை.

1999 இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவர் ஆக்கிய 'கவுண்டர் ஸ்ரைக்' இக்களங்களை நிரப்பிற்று. இரவுதோறும் அதே பட்டியலைத் திறந்து, அதே சேவையகத்திற்குச் செல்பவர், அதே புனைபெயர்களை அங்கே கண்டனர். எவர் ஏமாற்றுவார், எவர் தோற்றாலும் நயமாகப் பேசுவார் என்பது அனைவரும் அறிந்த செய்தியாயிற்று. ஒழுங்கு காக்கப் பொறுப்பாளர் இருந்தனர். தீய சொல் பேசியவன் வெளியேற்றப்பட்டான். மன்னிப்புக் கேட்டு மீண்டவனும் உண்டு. ஊர் என்று நாம் சொல்வதற்கு இவற்றைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்?

துப்பாக்கியைக் கொண்டு ஆடும் ஆட்டத்தைப் பள்ளி அதிபர் ஒருவர் புகழலாமோ எனச் சிலர் வினவக்கூடும். அவ்வாட்டத்தின் வன்மையை நான் புகழவில்லை. சிறுவர் கைக்கு அது ஏற்றதெனவும் கூறேன். ஆனால் கருவியை மட்டும் நோக்கிக் கூட்டத்தை நோக்காது விடின், அக்கூட்டம் கலைந்தபோது இளைஞர் இழந்தது யாதென நமக்குத் தெரியாமலே போகும்.

அது கலைந்த வரலாறும் குறிக்கத்தக்கது. 2009 நவம்பரில் 'கோல் ஒஃப் டியூட்டி' வரிசையின் புதிய ஆட்டமொன்று, பிறர் சேவையகம் நடத்தும் வசதியே இல்லாமற் கணினிகளுக்கு வெளிவந்தது. ஆட்டக்காரரைச் சேர்த்துவிடும் பணியை விளையாட்டு நிறுவனமே மேற்கொண்டது. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் புதிய அந்நியர் வந்தனர். ஆட்டம் முடிந்ததும் பிரிந்தனர். இன்டர்நோட் நிறுவனத்தை வாங்குவதாக 2011 டிசெம்பரில் 'ஐநெற்' நிறுவனம் அறிவித்தது. 2014 இல் கேம்அரீனா மூடப்பட்டது. பல பழைய ஆட்டங்களுக்குச் சேவையகப் பட்டியல் வழங்கிய 'கேம்ஸ்பை'யின் பணியும் அவ்வாண்டு மே மாத இறுதியில் நின்றது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இன்று சிட்னியிலும் சேவையகம் வைத்திருக்கின்றன. பிங் எண் கூடவில்லை. வேகம் குறையாதிருந்தும் அயல் மறைந்தது. ஆகவே அயலைக் காத்தது அருகாமை மட்டுமன்று; இன்ன இடத்திற்குச் செல்வேன் எனத் தானே தெரிந்து, நாளையும் அங்கே வருவேன் என்னும் உறுதியோடு ஒருவன் சென்றமையே அதனைக் காத்தது. குளத்தைத் தூர்த்து வீடுதோறும் குழாய்நீர் தந்தால் தாகம் தீரும். குளக்கரையிற் கூடிய கூட்டம் மீளாது.

கோயில் இடிந்தாற் கல்வெட்டு எஞ்சும். சேவையகம் நின்றால் ஒரு தூணும் எஞ்சுவதில்லை. அங்கே இளமையைக் கழித்தோர் இப்பொழுது நடுவயதினர். அவர்தம் நினைவைக் கேட்டு எழுதிவைக்கும் காலம் இதுவே.