பருத்தி வேரில் கிடைத்த விடை

சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை தூசியளவுதான் இருக்கும். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும் அந்த விதை, சோளம், மக்காச்சோளம் போன்ற பயிர் பக்கத்தில் வேர்விட்டால்தான் முளைக்கும். முளைத்த சில நாட்களில் அந்த வேரைப் பற்றிக்கொள்ளாவிட்டால் செத்துவிடும். வேர் அருகில் இருப்பதை அதற்கு எது தெரிவிக்கிறது?

1956இல் அமெரிக்காவின் கரோலினா பகுதி மக்காச்சோள வயல்களில் இந்த ஒட்டுண்ணிக் களை கண்டுபிடிக்கப்பட்டபோது கேள்வி அவசரமானது. பத்து ஆண்டுகள் கழித்து, சி. இ. குக், மன்றோ வால் உள்ளிட்ட குழுவினர் விடையைப் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஸ்ட்ரிகால் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள் நம்ப முடியாத அளவு நீர்த்த கரைசலிலும் விதையை முளைக்க வைத்தது. ஸ்ட்ரிகாலின் மூலக்கூறு அமைப்பு 1972இல் வெளியானது. சோளம் முதலிய பயிர்களின் வேர்களிலும் இதன் உறவுப் பொருள்கள் பின்னர் அகப்பட்டன. இவற்றுக்கு ஸ்ட்ரிகோலாக்டோன்கள் என்பது பொதுப்பெயர்.

ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. தன்னை உறிஞ்ச வரும் களையை எழுப்பிவிடும் பொருளை ஒரு செடி ஏன் செலவு செய்து தயாரித்து வெளியே விட வேண்டும்? களை ஆய்வாளர்களிடம் இதற்குப் பதில் இல்லை. பதில் இருந்தது வேறொரு துறையில்.

வேருக்கும் பூசணத்துக்கும் உள்ள உறவு ஸ்ட்ரிகாலுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. பிரஷ்யாவில் டிரஃபிள் காளானைப் பயிரிட வழி தேடிய ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், மரவேரும் பூசணமும் ஒன்றிவாழும் அமைப்பை 1885இல் விவரித்துப் பெயரும் சூட்டினார். நம் வயல்களுக்கு நெருக்கமானது அதில் இன்னொரு வகை: உழவர்கள் ‘வாம்’ என்று வாங்கும் வேர் உட்பூசணம். இது வேர்த் திசுவறைக்குள் நுழைந்து குட்டி மரம்போலக் கிளைவிடும். மண்ணிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் பெற்றுக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில், 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளுக்குள்ளும் இந்தக் கிளைகள் பதிந்திருக்கின்றன.

இந்தப் பூசணத்தை வேர் எப்படி வரவழைக்கிறது? முதலில் சந்தேகம் ஃபிளாவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள்மீது விழுந்தது. வெள்ளை குளோவர் வேரிலிருந்து பூசணத்தைத் தூண்டும் இரண்டு ஃபிளாவனாய்டுகள் 1991இல் பிரிக்கப்பட்டன. ஆனால் அவற்றை உருவாக்க முடியாத மக்காச்சோளச் செடிகளின் வேரிலும் பூசணம் வழக்கம்போலக் குடியேறியதை 1995இல் கில்லியோம் பெக்கார் குழு காட்டியது. ஃபிளாவனாய்டு உதவலாம், ஆனால் இன்றியமையாதது அதுவல்ல.

இத்தாலியில் மனுவேலா ஜோவன்னெட்டி குழு செய்த சோதனை இன்னும் கூர்மையானது. வேருக்கும் பூசணத்துக்கும் இடையில் மெல்லிய சவ்வு வைத்தார்கள். தொடுவதற்கு வழியில்லை, கசிவு மட்டும் ஊடுருவும். அப்படியும், உறவுக்கு ஏற்ற வேரின் பக்கம் வந்த பூசண இழைகள் நெருக்கமாகக் கிளைத்தன. அந்தக் கிளைப்புக் காரணியைத் தேடி ஆய்வகங்கள் ஆண்டுகளைச் செலவிட்டன. கிடைத்த அளவு மிகச் சொற்பம், அதுவும் சீக்கிரம் சிதைந்துவிடும் பொருள்.

2005இல் ஜப்பானில் கோக்கி அகியாமா, ஹிடியோ ஹயாஷி குழுவினர் லோட்டஸ் ஜப்பானிகஸ் என்ற பயறுவகைச் செடியின் வேர்க் கசிவிலிருந்து அதைப் பிரித்தார்கள். ஜிகாஸ்போரா மார்கரிட்டா பூசணத்தின் இழைக்கு அருகில் பிகோகிராம் கணக்கில் வைத்தாலே கிளைகள் வெடித்தன. அமைப்பைப் பார்த்தபோது அது ஒரு ஸ்ட்ரிகோலாக்டோன்! 39 ஆண்டு காலப் புதிர் அவிழ்ந்தது. செடி அழைத்தது பூசணத்தை. அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கக் கற்றுக்கொண்டது சுடுமல்லி.

எளிதில் சிதைவதும் இங்கே பயன்தான். ஈரமண்ணில் நீடிக்காத பொருள் வேரை ஒட்டிய இடத்தில்தான் இருக்கும். ஆகவே பூசணத்துக்குத் திசையும் தூரமும் தெரிகிறது. 2006இல் வந்த ஆய்வில், இது பட்டதும் பூசணத்தின் மைட்டோகாண்ட்ரியாக்கள் சுறுசுறுப்பாவது தெரிந்தது. 2008இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இன்னொன்றைக் காட்டின: செடிக்குள் இதே பொருள்தான் பக்கக் கிளைகளைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்.

உழவருக்கு முக்கியமான செய்தி வேர் சுரக்கும் ஸ்ட்ரிகோலாக்டோனின் அளவில் இருக்கிறது. மணிச்சத்துப் பஞ்சத்தில் வேர் இதை அதிகமாகச் சுரக்கிறது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் சுரப்பு சுருங்குகிறது. மணிச்சத்து உரத்தை அடியுரமாகக் கொட்டிவிட்டு அதே வயலில் வாம் இடுவது, கூப்பிடாத விருந்தாளிக்கு இலை போடுவது போலத்தான். இந்த எளிய கணக்கு உரப் பரிந்துரைகளில் இன்னும் அழுத்தமாக இடம்பெற வேண்டும்.

சுடுமல்லிப் பிரச்சினைக்கும் இங்கிருந்தே ஒரு வழி பிறந்தது. சில சோள ரகங்களின் வேருக்கு அருகில் களை விதைகள் சரியாக முளைப்பதில்லை. அதற்கு எல்ஜிஎஸ்1 என்ற மரபணு செயல்படாததே காரணம் என்று கெபிசா எஜெட்டா குழு 2017இல் கண்டறிந்தது. அந்த வேர்களில் 5-டியாக்சிஸ்ட்ரிகால் என்ற ஸ்ட்ரிகோலாக்டோனுக்குப் பதிலாக ஒரோபான்கால் என்ற இன்னொன்று மேலோங்குகிறது. ஒட்டுண்ணி விதைக்கு அது மந்தமான தூண்டுதல்; பூசண இழைகளையோ அதுவும் கிளைக்க வைக்கிறது.