பாக்கெட் பஃபர் விடுவிப்பு: தேனியின் நெடுந்தொலைவு வைஃபையை முன்வைத்து

வலையமைப்பில் போய்வரும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும், அதாவது பாக்கெட்டுக்கும், இயங்குதளம் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்குகிறது. அதன் பெயர் பஃபர். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதே பஃபர் விடுவிப்பு. நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரலின் அன்றாடக் கடமை இது. வேலை எந்தக் கணத்தில் முடிந்தது என்று தீர்மானிப்பதில்தான் அதன் கடினம் முழுவதும் இருக்கிறது.

கார்டு பஃபரை நேரடியாக நினைவகத்திலிருந்து படிக்கிறது. அது படித்து முடிக்குமுன் இடத்தை விடுவித்தால் வேறொரு நிரல் அங்கே எழுதிவிடும். கம்பியிலோ காற்றிலோ குப்பைதான் போகும். தாமதமாக விடுவித்தால் அனுப்பும் நிரலின் ஒதுக்கீடு தீர்ந்து அது காத்து நிற்கும். மறந்தே போனால் நினைவகம் சிறுகச் சிறுகக் கசியும். ஒரே பஃபரை இரண்டு முறை விடுவித்தாலோ இயங்குதளத்தின் மையமான கெர்னலே நிலைகுலையும்.

இந்தக் கேள்வியைத் தெளிவாகப் பார்க்க வாய்த்த இடங்களில் ஒன்று தேனி. கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியில் கிளை கண்டது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் திறந்த பார்வை மையங்களை அந்தக் கிளையோடு இணைக்க, எரிக் ப்ரூவர் தலைமையிலான பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2000களின் நடுவில் வைஃபையைத் தேர்ந்தெடுத்தது. மையத்தில் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். முதல் கட்டத்தில் ஐந்து மையங்கள் இணைந்தன. முனைகளில் ஆறும் இடைக் கோபுரங்களில் ஐந்துமாகப் பதினொரு ரௌட்டர்கள் இயங்கின. இணைப்புகளின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. மலைகளுக்கு நடுவே விரியும் சமவெளி, கோபுரத்துக்குக் கோபுரம் நேர்ப்பார்வைக்கு இசைவானது.

அந்த ரௌட்டர்கள் 266 மெகாஹெர்ட்ஸ் வேகச் சிறு பலகைகள். லினக்ஸ் இயங்குதளம், ஏதெரோஸ் ரேடியோ, அதை இயக்க மேட்வைஃபை டிரைவர். நினைவகம் சொற்பம். ஆளில்லாக் கோபுரத்தில் ரௌட்டர் உறைந்துபோனால் ஒருவர் வண்டியெடுத்துப் போக வேண்டும் என்பதால், தானாக மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் வன்பொருளையும் குழு பயன்படுத்தியது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கமே அவர்களை அதிகம் வருத்தியது. அதோடு நினைவகக் கசிவும் சேர்ந்தால் அத்தகைய கருவி தாங்காது.

லினக்ஸில் பஃபரின் உடைமை விதி கறாரானது. கெர்னல் ஒரு பாக்கெட்டை டிரைவரிடம் தருகிறது. ஏற்றுக்கொண்டதாக டிரைவர் சொல்லிவிட்டால், அதை விடுவிக்கும் பொறுப்பு அதனுடையது. பாக்கெட்டைத் தூக்கி எறிந்தாலும் பொறுப்பு மாறாது. இடமில்லை என்று திருப்பிவிட்டால் அதைத் தொடவே கூடாது. அனுப்பி முடித்த செய்தியைக் கார்டு இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் சமிக்ஞை மூலம் சொல்லும். அந்த இன்டரப்டுக்குள் நின்றுகொண்டே நினைவகத்தை விடுவிப்பது ஆபத்து. அதனால் பஃபரை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, சற்றுப் பின்னர் பாதுகாப்பான சூழலில் கெர்னல் அதை விடுவிக்கிறது. 2009இல் வந்த இன்னொரு பிரிவினை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: ஒழுங்காக அனுப்பி முடித்த பாக்கெட்டை விடுவிக்க ஒரு செயற்கூறு, இழந்த பாக்கெட்டை விடுவிக்க வேறொரு செயற்கூறு. இழப்பு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க அதுவே வழி திறந்தது.

பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்தில் எம்பஃப் என்ற சங்கிலி அமைப்பும், விண்டோஸில் என்டிஐஎஸ் என்ற இடைமுகமும் இதே கணக்கை வேறு பெயர்களில் நடத்துகின்றன.

இனி தொலைவு. சாதாரண வைஃபையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அது கிடைத்தது என்ற ஒப்புகை மறுமுனையிலிருந்து உடனே வர வேண்டும். 15 கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோவிநாடி, போய்வர 100. கார்டு இயல்பாகக் காத்திருக்கும் நேரமோ சில பத்து மைக்ரோவிநாடிகள்தாம். ஒப்புகை வருமுன்பே பொறுமையிழந்து மறுபடி அனுப்பும். ஒரே கோபுரத்தில் இருக்கும் ரேடியோக்கள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. இவற்றுக்காகவே அந்தக் குழு வைல்ட்நெட் என்ற முறையை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. கார்டின் தனித்தனி ஒப்புகையை நிறுத்தினார்கள். இரு முனைகளும் முறைவைத்துப் பேசின. ஒரு கட்டுப் பாக்கெட்டுகளுக்குச் சேர்த்து ஒரே ஒப்புகை வந்தது. வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடியது.

இங்கேதான் விடுவிப்பின் பொருள் மாறுகிறது. ‘அனுப்பிவிட்டேன்’ என்று கார்டு சொல்வது ‘போய்ச் சேர்ந்தது’ என்று ஆகாது. டிரைவர் தன் பங்கை விடுவித்தாலும், கூட்டு ஒப்புகை வரும்வரையோ மறுமுயற்சிகள் தீரும்வரையோ டிரைவருக்கு மேலுள்ள மென்பொருள் அடுக்கு அந்தப் பாக்கெட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பெறும் முனையிலும் நடுவில் ஒன்று தவறினால், பின்னால் வந்தவை அதற்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதே சமரசம். அதிகம் காத்தால் மருத்துவரின் வீடியோ தேங்கும். குறைவாகக் காத்தால் படம் உடையும்.

கூட்டு ஒப்புகையின் தரநிலை வடிவம் வைஃபையின் 802.11இ திருத்தத்தோடு 2005இல் வந்து, 2009இன் 802.11என்னில் பரவலானது. அந்தத் தரநிலையில் ஒரு கட்டில் அதிகபட்சம் 64 பாக்கெட்டுகள். இடைவெளி நிரம்பாவிட்டால், லினக்ஸின் வைஃபை அடுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காத்துவிட்டு, பிடித்து வைத்தவற்றை மேலே அனுப்பிவிடுகிறது.