மிர்ஜாயி

சிக்கந்தராபாத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கார்த்திகை பிறந்தால் தெருவில் 'டொய்ங்... டொய்ங்' என்று கேட்கும். தூதேகுலக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம். தெலுங்கில் தூதி என்றால் பஞ்சு. அதை அடிப்பவர்கள் தூதேகுல என்ற முஸ்லிம் சமூகத்தினர். ஆளுயர மரவில், அதில் இழுத்துக் கட்டிய நரம்பு. மரக்கட்டையால் நரம்பைத் தட்டினால், ரஜாய் என்னும் பழைய போர்வையில் கட்டிதட்டிப்போன பஞ்சு பிரிந்து பறக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

ரஜாய் படுக்கைக்கு, உடம்புக்கு மிர்ஜாயி. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்து ஓட்டுத்தையல் போட்ட, முடிச்சிட்டுக் கட்டும் குட்டை அங்கி. தக்காணத்துப் படைவீரர்களும் கனமான பஞ்சுத் தையல் அங்கியைக் கவசமாகப் போட்டார்கள். 1687-இல் ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டுக் கோல்கொண்டாவைப் பிடித்தாரே, அந்தக் காலம். ஐரோப்பியரும் இரும்புக் கவசத்துக்கு அடியில் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

போன டிசம்பரில் மகனின் சாயம்போன ஸ்வெட்ஷர்ட்டை நடுவில் வெட்டி, பழைய வேட்டியை உள்துணியாக்கி நானும் ஒரு மிர்ஜாயி தைத்தேன். ஆசையில் பஞ்சைத் திணித்துவிட்டேன், முழங்கை மடங்கவில்லை. பழைய நகரத்து ரஜாய்க் கடைக்காரர் சிரித்தார். "பஞ்சு கொஞ்சம் போதும்மா. தையல்தான் முக்கியம், இல்லாட்டி எல்லாம் கீழே இறங்கிடும்." பிரித்தேன். இரண்டு விரலகலக் கட்டமாகத் தைத்தேன். அவர் கடையில் வில் சுவரில் தொங்குகிறது; பஞ்சை அடிப்பது மின்சார மெஷின்.