கரைச்சோறு

கனடாவின் வடமேற்கு ஒண்டாரியோவில் ஏரிகளை மூடிய பனிக்கட்டி ஏப்ரல் இறுதியிலோ மே முதற்பாதியிலோ உடையும். அதற்குச் சில நாட்கள் கழித்து, மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையன்று, அங்கே ஒரு மீனுக்கான பருவம் திறக்கும். அமெரிக்கர்கள் அந்த மீனை வால்ஐ என்பார்கள், அவ்வூர்க்காரர்கள் பிக்கரெல் என்பார்கள். இருட்டில் விளக்கொளி பட்டால் பூனையின் கண்போல மின்னும் கண்ணும், வெண்மையான, முள் குறைந்த சதையும் கொண்ட நன்னீர் மீன் அது. அந்தச் சனிக்கிழமைக்காக மினசோட்டாவிலிருந்தும் இல்லினாயிலிருந்தும் மனிதர்கள் குளிர்காலம் முழுவதும் தூண்டில்களைத் துடைத்து வைத்துக் காத்திருப்பார்கள். பருவம் திறந்ததும் கெனோராவுக்கு வந்து, அங்கிருந்து மிதவை விமானத்தில் ஏறிச் சாலை போகாத ஏரிகளில் இறங்குவார்கள். ஏரிக்கரை மரவீடுகளில் நாலைந்து நாட்கள் தங்கிவிட்டு ஊர் திரும்புவார்கள். அப்பா கூட்டிப்போன விடுதிக்கே மகனும், பின்னர் அவன் மகனும் போவது அவர்களிடையே ஒரு குலவழக்கம் என்றே சொல்லலாம்.

இந்தப் பயணத்தின் உச்சம் மீன் பிடிபடும் கணம் அன்று, நண்பகல் உணவுதான் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதுண்டு. காலையில் பிடித்த பிக்கரெலை வழிகாட்டி ஏதேனும் ஒரு பாறைத்தீவில் வைத்து, துடுப்பின் முதுகையே பலகையாகக் கொண்டு, சில கத்தி வீச்சுகளில் முள் நீக்கித் துண்டுபோடுவார். சுள்ளிகளை அடுக்கித் தீ மூட்டி, இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பை உருக்கி, மாவில் புரட்டிய மீனைப் பொரிப்பார். கூடவே உருளைக்கிழங்கும் தகர டப்பாவில் வந்த அவரை விதையும் இருக்கும். பயணத்துக்கு நாம் கட்டுச்சோறு கட்டுவதைப்போல அவர்களுக்கு இது கரைச்சோறு. விருந்தினரும் வழிகாட்டியும் ஒரே சட்டியிலிருந்து உண்பார்கள். வேறெந்த இடத்திலும் அக்காலத்தில் அவ்விருவரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வழிகாட்டி பெரும்பாலும் அனிஷினாபே இனத்தவராக இருப்பார். ஓஜிப்வே என்று வெள்ளையர் அழைத்த மக்கள் அவர்கள். கெனோராவுக்கு வடக்கே 80 கிலோமீட்டர் அளவில், ஆங்கில நதி என்றும் வபிகூன் என்றும் பெயர்கொண்ட இரு ஆறுகள் ஏரிகளைக் கோத்துக்கொண்டு ஓடும் நிலத்தில் கிராஸி நாரோஸ் என்ற அவர்களுடைய ஊர் இருக்கிறது. 1873இல் பிரிட்டிஷ் முடியாட்சியுடன் செய்துகொண்ட மூன்றாம் எண் உடன்படிக்கையின்படி நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமை அவர்களிடமே இருக்கும் என்று எழுதப்பட்டது. குளிர்காலத்தில் பொறிவைத்துப் பீவர் பிடித்தார்கள், இலையுதிர் காலத்தில் ஏரிகளில் காட்டரிசி அறுத்தார்கள், ஆண்டு முழுவதும் மீன் உண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மீன்பிடி விடுதிகள் பெருகியபோது மே முதல் இலையுதிர் காலம் வரை கூலிவேலையும் அதே நீரில் கிடைத்தது. ஆண்கள் வழிகாட்டிகளாகப் போனார்கள், பெண்கள் விடுதிகளில் சமையலும் துப்புரவும் செய்தார்கள். 1950களில் கட்டப்பட்ட மின்அணைகள் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் காட்டரிசியைக் கெடுத்த பிறகு விடுதிகளின் கூலி இன்னும் முக்கியமாயிற்று. இந்த வேலையில் ஓர் அரிய பொருத்தம் இருந்ததை மறுக்கமுடியாது. முன்னோர் கற்பித்த நீரறிவுக்கே சம்பளம் கிடைத்தது. எந்தப் பாறையின் நிழலில் எந்த மாதம் மீன் நிற்கும் என்ற அறிவை வேறெந்த முதலாளியும் விலைகொடுத்து வாங்கியிருக்க மாட்டார்.

1963இல் இந்தியர் விவகாரத் துறை அந்த ஊரையே பெயர்த்தது. தீவுகளிலும் முனைகளிலும் குலம்குலமாகச் சிதறி வாழ்ந்த குடும்பங்கள் சில கிலோமீட்டர் தள்ளி, சாலையோரத்தில் நெருக்கி அமைத்த வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்டன. சாலை, பள்ளி, மின்சாரம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. பின்னர் நடந்ததற்கெல்லாம் இதுவே முதற்காரணம் என்று வாதிடுபவர் அனஸ்தேசியா ஷ்கில்னிக். 1985இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பை 'அன்பினும் வலிய நஞ்சு' என்று தமிழாக்கலாம். முக்கியமான நூல்தான். ஆனால் பழைய ஊரை முழு ஒளியிலும் புதிய ஊரை முழு இருளிலும் அது காட்டுகிறது என்பது என் மனக்குறை. 2002 டிசம்பரில் காடழிப்பு லாரிகளைச் சாலையின் குறுக்கே நின்று மறித்தவர்கள் அதே இருண்ட ஊரில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள்தானே!

ஊர் பெயர்வதற்கு ஓராண்டு முன்னர், 1962இல், ஆற்றின் மேற்பகுதியில் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள டிரைடன் நகரில் இன்னொரு வேலை தொடங்கியிருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு காகித ஆலை உண்டு. காகிதக்கூழை வெளுக்கக் குளோரினும் எரிசோடாவும் வேண்டும். உப்புநீரில் மின்சாரம் செலுத்தி அவற்றைத் தயாரிக்க, பாதரசத்தை மின்முனையாகக் கொண்ட துணை ஆலை ஒன்று நிறுவப்பட்டது. ரீட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கீழ் இயங்கிய ஆலை அது. 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 டன் பாதரசம் அதிலிருந்து வபிகூன் ஆற்றில் கலந்தது. நம் கையில் இருக்கும் தாளின் வெண்மை எந்தக் காலத்தில் எந்த ஆற்றின் செலவில் வந்தது என்று நாம் கேட்பதில்லை.

ஆற்றில் விழுந்த பாதரசம் அப்படியே கிடந்திருந்தால் கேடு இவ்வளவு பரவியிருக்காது. வண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்பூச்சி அதை உண்கிறது, பூச்சியைச் சிறுமீனும் சிறுமீனைப் பெருமீனும் உண்கின்றன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிகிறது. பிக்கரெலும் பைக்கும் அந்த ஏணியின் உச்சியில் இருப்பவை, பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்பவை. எனவே மீன் எவ்வளவு நீளமோ அவ்வளவு நஞ்சு. தூண்டில்காரர் தோளுயரம் தூக்கிப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் மீன்தான் அந்த ஏரியிலேயே மிகக் கேடான மீன். மெத்தில் பாதரசம் கொழுப்பில் தங்குவதில்லை, தசைப்புரதத்தோடு பிணைந்து நிற்கிறது. தோலை உரித்தாலும் கொழுப்பை அகற்றினாலும் கொதிக்கும் சட்டியில் பொரித்தாலும் அது போகாது. நிறமோ மணமோ சுவையோ எதுவும் மாறுவதில்லை.

இதை முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவர் நார்வேயிலிருந்து வந்து மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த நோர்வால்ட் ஃபிம்ரெய்ட். பறவைகளில் பாதரசத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் மீன்களுக்கு வந்து சேர்ந்தார். 1970 மார்ச்சில் ஆலையின் பாதரசக் கழிவை நிறுத்த மாகாண அரசு ஆணையிட்டது. வணிக மீன்பிடிப்பும் தடைசெய்யப்பட்டது. கனடிய அரசு ஏற்ற வரம்பு பத்து லட்சத்தில் அரைப் பங்கு. டிரைடனுக்குக் கீழேயுள்ள கிளே ஏரியின் மீன்கள் சிலவற்றில் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் இருந்தது.

மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. விருந்தினர்கள் முன்பதிவு செய்திருந்தார்கள்.

இங்கேதான் இந்த வரலாற்றில் நான் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம் வருகிறது. ஒரே செய்தி, ஒரே வசந்தம், இரண்டு விடைகள். முதல் விடை பார்னி லாம் என்பவருடையது. விமானியான இவர் மிதவை விமானங்களை ஓட்டும் நிறுவனம் நடத்தியவர். மனைவி மேரியனுடன் பால் ஏரிக்கரையில் கட்டிய விடுதி அவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற விடுதிகளில் ஒன்று. கிராஸி நாரோஸ் மக்கள் பலர் அங்கே வேலைபார்த்தனர். லாம் ஃபிம்ரெய்ட்டைக் கொண்டே தம் ஏரிகளின் மீனைச் சோதிக்கச் செய்தார். 1970இல் விடுதியை மூடினார். விருந்தினருக்கும் பணியாளருக்கும் நஞ்சை உணவாகத் தரமுடியாது என்பதே அவர் நிலை. பிறகு ஆலையின் மீது வழக்குத் தொடர்ந்தார். மேரியன் லாம் பல ஆண்டுகள் சேர்த்த பாதரச ஆவணங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு தனித் தொகுப்பாக உள்ளன. விடுதி மூடியதால் அந்த மக்களுக்குக் கூலியும் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அறத்தோடு எடுத்த முடிவின் விலையைக்கூடப் பெரும்பகுதி அவர்களே கொடுத்தார்கள்.

இரண்டாம் விடை மாகாண அரசினுடையது. அது விளையாட்டு மீன்பிடிப்பைத் தடைசெய்யவில்லை. மாறாக, 'விளையாட்டுக்காகப் பிடியுங்கள்' என்று அறிவிப்பு வைத்தது. பிடியுங்கள், மகிழுங்கள், உண்ணாமல் விட்டுவிடுங்கள் என்பது பொருள். ஆற்றை முழுவதுமாக மூடுங்கள் என்று 1970களில் அம்மக்கள் கேட்டபோதும் அரசு இணங்கவில்லை. அன்றைய இயற்கைவளத் துறை அமைச்சர் லியோ பெர்னியர் அந்த வட்டாரத்துக்காரர். சுற்றுலாவை நம்பிய ஊர்கள் எவை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிடித்த மீனை விட்டுவிடுவது இன்று உயர்ந்த பண்பாகப் போற்றப்படுகிறது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த அறிவிப்பு யாரை நோக்கிப் பேசியது என்று பாருங்கள். மீன் யாருக்கு விளையாட்டாக இருக்கிறதோ அவரை நோக்கி மட்டும் பேசியது. நான்கு நாள் விருந்தினருக்கு அது நல்ல அறிவுரைதான். நான்கு நாளும் கரைச்சோறு உண்டிருந்தாலும் அவர் உடல் சில மாதங்களில் அதைக் கழித்துவிடும். வழிகாட்டியோ ஒரு விருந்தினர் போனால் அடுத்தவருடன், பருவம் முழுவதும் பகல்தோறும் அதே சட்டியின் முன் அமர்ந்தார். மாலையில் வீட்டுக்கு வந்தாலும் மீன்தான். மூடாத விடுதிகளில் கரைச்சோறு நடந்துகொண்டே இருந்தது, வழிகாட்டிகள் விருந்தினர்களோடு உண்டுகொண்டே இருந்தார்கள். வழிகாட்டியே உண்ணும்போது விருந்தினருக்கு என்ன ஐயம் வரப்போகிறது?

இதற்கு முடியில் சாட்சி இருக்கிறது. மெத்தில் பாதரசம் இரத்தத்திலிருந்து வளரும் முடிக்குள் போய்த் தங்கும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், நீண்ட முடியை வேரிலிருந்து நுனிவரை துண்டுதுண்டாகச் சோதித்தால் மாதக் கணக்கு கிடைக்கும். 1970களில் மத்திய சுகாதாரத் துறை எடுத்த மாதிரிகளில் அந்தக் கணக்கு தெளிவாகவே இருந்தது. குளிர்காலத்தில் இறங்குகிறது, பனி உடைந்தபின் ஏறுகிறது, கோடை முடிவில் உச்சத்தைத் தொடுகிறது. விடுதிகளின் கணக்குப் புத்தகத்திலும் வரவு இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கும்.

1975இல் ஜப்பானின் மினமாட்டா நோயை ஆராய்ந்த மருத்துவர் ஹராடா மசசுமி அங்கே வந்தார். கைகால் மரத்துப்போதல், பார்வைப் பரப்பு சுருங்குதல், நடை தள்ளாடுதல், நடுக்கம் என்று தம் நாட்டு மீனவர்களிடம் கண்டவற்றை இங்கேயும் கண்டார். கனடிய அதிகாரிகள் தரப்பில் அவற்றுக்குக் குடிப்பழக்கமே காரணமாகலாம் என்று பேசப்பட்டது. தள்ளாடும் பழங்குடியைக் கண்டால் அவர்களுக்கு வேறு காரணம் தோன்றவில்லை. ஹராடா 2002இலும் 2004இலும் மீண்டும் வந்து பார்த்தார். இதற்கிடையே 1985இல் இரு அரசுகளும் ஆலை நிறுவனங்களும் சேர்ந்து, கிராஸி நாரோஸுக்கும் ஆற்றின் கீழேயுள்ள ஒயிட்டாக் ஊருக்குமாக ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டன. 2014இல் முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஃபோபிஸ்டர், அந்த இழப்பீட்டு முறை போதாது என்று உண்ணாநோன்பிருந்தார். 2017இல் ஆற்றைத் தூய்மைப்படுத்த மாகாண அரசு 8.5 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. ஃபோபிஸ்டர் 2018இல் இறந்தார்.

பழைய முடி மாதிரிகளின் பதிவுகளைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதை எட்டாமல் இறந்தவர்களுக்கு அதைத் தாண்டி வாழ்ந்தவர்களைவிடப் பாதரசம் கூடுதலாக இருந்தது என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. 2023இல் வந்த மற்றோர் ஆய்வு மூன்று தலைமுறைகளைத் தொடர்ந்து பார்த்தது. அவ்வூரின் சிறுவர்களும் இளைஞர்களும் தற்கொலைக்கு முயல்வதற்கும், அவர்கள் பிறக்கும் முன்பே அவர்களின் தாய்மார்க்கும் அத்தாய்மாரைப் பெற்றவர்களுக்கும் ஏறிய நஞ்சுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது அதன் கேள்வி. இருக்கிறது என்பது அதன் விடை. அந்த ஆய்வில் மீனுண்ட அளவை மதிப்பிடக் கேட்கப்பட்டவற்றில் ஒன்று, தாத்தா மீன்பிடி வழிகாட்டியாக வேலை பார்த்தாரா என்பது.