பாம்பு ஒன்றா, இரண்டா?

போர்வீரனின் தொப்பியிலும் கழுத்துப்பட்டியிலும் விளங்கும் சின்னங்கள் பெரும்பாலும் வாள், பீரங்கி, சிங்கம், கழுகு என வீறு காட்டுவனவாகவே இருக்கும். பகைவனைக் கொல்வதற்கன்றி, அடிபட்டு வீழ்ந்தவனைத் தூக்கியெடுப்பதற்கென்றே களம் புகும் வைத்தியப் படையினருக்கோ கோலும் பாம்பும் சின்னமாயின. பாம்பு ஒன்றா, இரண்டா என்று கேட்பின், நாட்டுக்கு நாடு விடை வேறுபடும்.

ஒற்றைப் பாம்பு சுற்றிய கோல் கிரேக்கரின் வைத்தியத் தெய்வமாகிய அஸ்கிளேப்பியசுக்கு உரியது. எப்பிடோரஸ், கோஸ் முதலிய இடங்களிலிருந்த அவன் ஆலயங்களிலே நோயாளர் இரவு துயின்று, கனவிலே பரிகாரம் வேண்டிக் காத்திருப்பர். நஞ்சில்லாப் பாம்புகள் அங்கே உலாவின. சட்டை கழற்றிப் புதிதாய் எழும் பாம்பு, நோய் நீங்கி எழும் உடம்புக்கு உவமையாயிற்று. கி. மு. 293இல் உரோமாபுரியைக் கொள்ளைநோய் வாட்டியபோது, எப்பிடோரசிலிருந்து ஒரு பாம்பையே கப்பலிற் கொணர்ந்தனர் என்றும், அது இறங்கிய தைபர் ஆற்றுத் தீவிலே கோயில் எழுந்தது என்றும் உரோமர் கூறினர்.

இரட்டைப் பாம்பும் இறகும் கொண்ட கோலோ ஹேர்மிசின் கையில் இருப்பது. அவன் தேவதூதன், வணிகருக்கும் வழிப்போக்கருக்கும், ஏன், கள்வருக்குங்கூடக் காவலன். இறந்தோரின் ஆவியைக் கீழுலகுக்கு இட்டுச் செல்பவனும் அவனே! வைத்தியனின் உடையிலே இவன் கோல் ஏறியது எங்ஙனம்?

பிரித்தானியர் இதில் தடுமாறவில்லை. தமக்கு ஏனைய அதிகாரிகளுக்கு ஒப்பான பதவிப் பெயரும் மதிப்பும் இல்லையென இராணுவ வைத்தியர்கள் நெடுங்காலம் முறையிட்டபின், 1898இல் அரச இராணுவ வைத்தியப் படை அமைந்தது. இலைமாலை நடுவே ஒற்றைப் பாம்புக் கோலும் மேலே முடியும் அதன் சின்னம். 2024இல் அப்படை பல்வைத்தியப் படையுடனும் தாதியர் படையுடனும் இணைந்து வேறு பெயர் பெற்றது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே 1851 முதலே இராணுவ வைத்தியசாலை உதவியாளரின் சட்டைக் கையில் ஹேர்மிசின் கோல் இருந்தது. 1871இல் கப்பலோட்டிகளுக்கான வைத்தியசாலைச் சேவையும் அதனை நங்கூரத்தோடு சேர்த்துக் கொண்டது. வணிகக் கப்பலாருக்கு வணிகரின் தெய்வம் பொருத்தமே. இலண்டனிலும் வைத்திய நூல்களை வெளியிட்ட சேர்ச்சில் என்னும் பதிப்பாளர் அக்கோலையே தம் நூல்களிற் பொறித்தார். பதிப்பாளரும் வணிகர்தாமே! ஆனால் நூலைக் கண்டவர்கள் அதனை வைத்தியத்தின் குறியெனக் கொண்டிருத்தல் கூடும். பின்னர், கப்டன் இரெனால்ட்ஸ் என்னும் இராணுவ வைத்தியர் இதனைப் படைக்குரிய சின்னமாக்க வேண்டினார். தலைமை வைத்திய அதிகாரி மறுத்தார். அவருக்குப்பின் வந்தவர் இசைந்தார். 1902இல் இரட்டைப் பாம்பு கழுத்துப்பட்டியில் ஏறிற்று. வைத்தியர் அணிவது வெறுங்கோல். தாதியருக்கு அதன்மேல் 'என்' என்னும் எழுத்து, பல்வைத்தியருக்கு 'டி', மிருகவைத்தியருக்கு 'வி'. வேடிக்கை என்னவெனில், அதே இராணுவ வைத்தியப் பகுதியின் மரபுச் சின்னத்தில் இருப்பது ஒற்றைப் பாம்புக் கோல்.

இது வெறும் பிழையென்று எள்ளுவோர் பலர். எனினும் மறுபக்கத்தார் கூறும் நியாயம் ஒன்று உண்டு. சண்டையிட்ட இரு பாம்புகளின் நடுவே ஹேர்மிஸ் தன் கோலை இட்டதும், அவை பகை மறந்து அதனைச் சுற்றிக்கொண்டன என்பது கதை. பண்டைக் கிரேக்கத் தூதர் இத்தகைய கோலை ஏந்தியே பகைவர் பாசறைக்குட் சென்றனர். அவரைத் தீண்டுதல் பாவம். ஆயுதம் ஏந்திப் போரிடாதவனுக்கு இதனினும் ஏற்ற குறி ஏது என்பர். இந்த விளக்கம் பிழைக்குப்பின் தேடிய சமாதானம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

உண்மையில், எறிகணைகளின் நடுவே வைத்தியனுக்குச் சட்டப் பாதுகாப்பளிப்பது இவ்விரு கோல்களுமல்ல. 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை வகுத்த செஞ்சிலுவையே. அதுவும் குண்டைத் தடுக்கும் கவசமன்று. பிரித்தானிய வைத்தியப் படையைச் சேர்ந்த கப்டன் நோயல் சவாஸ், 1916இல் கில்லெமொன் களத்திலே பகைவரின் துப்பாக்கிகளுக்கு எதிரே சென்று காயப்பட்டோரை மீட்டு விக்டோரியா சிலுவை பெற்றார். மறு ஆண்டு ஈப்ர் நகரருகே, தாமே காயமுற்றும் களத்தை விட்டகலாது பிறரைக் காத்து, 1917 ஆகஸ்ட் 4ஆந் திகதி இறந்தார். அவ்விருதை இருமுறை பெற்றவர் உலகில் மூவரே. மற்றொருவரான மார்ட்டின் லீக்கும் வைத்தியரே. பெல்ஜியத்திலுள்ள சவாசின் கல்லறைக் கல்லில் இரண்டு விக்டோரியா சிலுவைகள் பொறிக்கப்பட்டுள்ளன.