ஆல்ட்மன் இசட் மதிப்பெண்: நிறுவனங்களின் நிதி நலத்தை எண்ணால் அளந்த வரலாறு

ஆல்ட்மன் இசட் மதிப்பெண் என்பது ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குகளிலிருந்து ஐந்து நிதி விகிதங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எடை கொடுத்துக் கூட்டி, அந்நிறுவனம் திவாலாகும் வாய்ப்பை மதிப்பிடும் ஒரு முறையாகும். அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் ஐ. ஆல்ட்மன் 1968 ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' என்னும் ஆய்விதழில் இதனை வெளியிட்டார். 66 நிறுவனங்களை மட்டுமே கொண்டு உருவான இந்தச் சூத்திரம் இன்றும் வங்கிகள், முதலீட்டாளர்கள், தணிக்கையாளர்கள், வணிகவியல் மாணவர்கள் ஆகியோரிடையே புழக்கத்தில் உள்ளது. அது எவ்வாறு உருவானது என்பதை அறிந்தால்தான் அது சொல்லும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

பின்னணி

கடன் கேட்டு வரும் நிறுவனம் அதைத் திருப்பிச் செலுத்துமா என்பது வங்கிகளின் பழைய கேள்வி. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வங்கிகள் கடன் பெறுவோரிடம் இருப்புநிலைக் குறிப்பைக் கேட்டு வாங்கத் தொடங்கின. அப்போது பரவலான அளவுகோல் நடப்பு விகிதம் ஆகும். நடப்புச் சொத்துகள் நடப்புப் பொறுப்புகளைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. மளிகை மொத்த வணிகருக்கும் இரும்பு ஆலைக்கும் ஒரே விதிதான்.

1919 இல் அலெக்சாண்டர் வால் என்பவர் 981 நிறுவனங்களின் கணக்குகளைத் தொகுத்து, ஏழு விகிதங்களைத் தொழில் வாரியாகவும் வட்டார வாரியாகவும் ஒப்பிட்டார். ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கேற்ற இயல்பான விகிதம் உண்டு என்பதை இந்த ஆய்வு காட்டியது. 1930களின் பெருமந்தத்தில் ஏராளமான நிறுவனங்கள் வீழ்ந்தன. அதன்பின், வீழ்ந்தவற்றையும் நிலைத்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் தோன்றின. பால் ஃபிட்ஸ்பேட்ரிக் 1932 இல் இவ்வாறு 19 இணை நிறுவனங்களை ஒப்பிட்டார். வீழ்ச்சிக்குச் சில ஆண்டுகள் முன்பே விகிதங்கள் மாறத் தொடங்குகின்றன என்பது இத்தகைய ஆய்வுகளின் பொதுவான முடிவாக இருந்தது.

இத்துறையில் அடுத்த பெரிய அடியை வில்லியம் பீவர் 1966 இல் எடுத்து வைத்தார். வீழ்ந்த 79 நிறுவனங்களையும், தொழிலிலும் அளவிலும் அவற்றை ஒத்த 79 நிறுவனங்களையும் எடுத்துக்கொண்டு, 30 விகிதங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். மொத்தக் கடனுக்கு ஈடாக நிறுவனத்திற்குள் வரும் பணவரவு எவ்வளவு என்னும் விகிதமே சிறந்ததாக அமைந்தது. வீழ்ச்சிக்கு ஓராண்டு முன்பு அது 87 விழுக்காடு நிறுவனங்களைச் சரியாக வகைப்படுத்தியது.

ஆனால் பீவரின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே நிறுவனத்தில் இலாப விகிதம் மோசமாகவும் நடப்பு விகிதம் நன்றாகவும் இருக்கலாம். ஒரு விகிதம் ஆபத்து என்றும் மற்றொன்று நலம் என்றும் சொன்னால் எதை ஏற்பது? இதற்கு விடை காண, விகிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் வழி தேவைப்பட்டது.

சூத்திரம் பிறந்த விதம்

அந்த வழி புள்ளியியலில் ஏற்கனவே இருந்தது. 1936 இல் ஆர். ஏ. ஃபிஷர், ஐரிஸ் மலர்களின் இதழ் அளவுகளைக் கொண்டு அவற்றின் இனங்களைப் பிரித்தறியும் முறையை வகுத்திருந்தார். பல அளவீடுகளுக்குத் தக்க எடை கொடுத்துக் கூட்டி, இரு குழுக்களையும் இயன்றவரை விலக்கிக் காட்டும் ஒரே எண்ணாக மாற்றுவது அதன் சாரம். 1941 இல் டேவிட் டுராண்ட் இதே முறையால் தவணைக் கடன்களில் நல்லவற்றையும் வாராக் கடன்களையும் பிரித்துப் பார்த்தார்.

ஆல்ட்மன் இம்முறையை நிறுவனங்களுக்குப் பயன்படுத்தினார். 1946 முதல் 1965 வரை திவால் மனு அளித்த 33 உற்பத்தி நிறுவனங்களை ஒரு குழுவாகவும், அவற்றையொத்த நலமான 33 நிறுவனங்களை மற்றொரு குழுவாகவும் வைத்தார். மிகச் சிறிய நிறுவனங்களும் மிகப் பெரிய நிறுவனங்களும் விலக்கப்பட்டன. 22 விகிதங்களிலிருந்து, சேர்ந்து செயல்படும்போது சிறந்த பலன் தந்த ஐந்து தேர்வாயின.

இன்று வழங்கும் வடிவில் அச்சூத்திரம்:

இசட் = 1.2 அ + 1.4 ஆ + 3.3 இ + 0.6 ஈ + 1.0 உ

இதில்,

அ: நடைமுறை மூலதனம் ÷ மொத்தச் சொத்துகள்
ஆ: தக்கவைத்த இலாபம் ÷ மொத்தச் சொத்துகள்
இ: வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம் ÷ மொத்தச் சொத்துகள்
ஈ: பங்குகளின் சந்தை மதிப்பு ÷ மொத்தப் பொறுப்புகள்
உ: விற்பனை ÷ மொத்தச் சொத்துகள்

மதிப்பெண் 2.99 ஐத் தாண்டினால் பாதுகாப்பு மண்டலம், 1.81 க்குக் கீழிருந்தால் ஆபத்து மண்டலம். இடைப்பட்டது சாம்பல் மண்டலம் எனப்படும். சாம்பல் மண்டலத்தில் முதல் ஆய்விலேயே தவறான வகைப்பாடுகள் நேர்ந்தன.

ஐந்து விகிதங்களும் ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. முதலாவது, உடனடிக் கடன்களை அடைக்கக் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது. இரண்டாவது, நிறுவனம் தொடங்கிய நாள் முதல் எவ்வளவு சேர்த்து வைத்துள்ளது என்பது. புதிய நிறுவனத்திற்குச் சேமிக்கக் காலம் இருந்திருக்காது என்பதால் இவ்விகிதம் இளம் நிறுவனங்களுக்குப் பாதகமானது. ஆனால் தொடக்க ஆண்டுகளிலேயே நிறுவனங்கள் அதிகம் வீழ்வதும் உண்மை. மூன்றாவது, சொத்துகள் ஈட்டும் திறன். நான்காவது, சொத்துகளின் மதிப்பு எவ்வளவு சரிந்தால் கடன் அவற்றை மிஞ்சும் என்பது. ஐந்தாவது, சொத்துகளைக் கொண்டு எவ்வளவு விற்பனை நடக்கிறது என்பது.

இவற்றுள் ஐந்தாவது விகிதத்தின் கதை குறிப்பிடத்தக்கது. தனியாகச் சோதித்தபோது அது இரு குழுக்களையும் பிரித்துக் காட்டவில்லை. பீவரின் முறைப்படி பார்த்தால் கைவிடப்பட்டிருக்கும். மற்ற நான்கோடும் சேர்ந்தபோதோ, பங்களிப்பில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையான ஒரு நிறுவனத்தின் மொத்தச் சொத்து 100 கோடி என்க. நடைமுறை மூலதனம் 10 கோடி, தக்கவைத்த இலாபம் 20 கோடி, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம் 8 கோடி, பங்குகளின் சந்தை மதிப்பு 45 கோடி, மொத்தப் பொறுப்புகள் 60 கோடி, விற்பனை 120 கோடி.

இசட் = 0.12 + 0.28 + 0.264 + 0.45 + 1.20 = 2.31

இது சாம்பல் மண்டலம். இப்போது அந்நிறுவனம் பயன்படாமல் கிடக்கும் 20 கோடி மதிப்புள்ள இயந்திரங்களை அதே விலைக்கு விற்று, நீண்டகாலக் கடனை அடைக்கிறது. சொத்து 80 கோடியாகவும் பொறுப்பு 40 கோடியாகவும் குறைகின்றன, மற்றவை மாறவில்லை.

இசட் = 0.15 + 0.35 + 0.33 + 0.675 + 1.50 = 3.005

விற்பனையும் இலாபமும் சிறிதும் கூடாமலேயே நிறுவனம் பாதுகாப்பு மண்டலத்தைத் தொட்டுவிடுகிறது. ஐந்தில் நான்கு விகிதங்கள் சொத்தால் வகுக்கப்படுவதால், சும்மா கிடக்கும் சொத்து நான்கையும் ஒரே நேரத்தில் கீழிழுக்கிறது.

இது ஏட்டுக் கணக்காக மட்டும் நிற்கவில்லை. நட்டத்தில் தத்தளித்த ஜிடிஐ கார்ப்பரேஷன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தலைமையை 1975 இல் ஏற்ற ஜேம்ஸ் லாஃப்ளூர், இசட் மதிப்பெண்ணை எச்சரிக்கை மணியாக மட்டும் கருதாமல் மீட்பு வழிகாட்டியாகவும் கொண்டார். ஒவ்வொரு முடிவும் ஐந்து விகிதங்களை எப்படி மாற்றும் என்று பார்த்து, பலன் தராத சொத்துகளை விற்றுக் கடனைக் குறைத்தார். நிறுவனம் மீண்டது. இந்த அனுபவத்தை ஆல்ட்மனும் அவரும் இணைந்து 1981 இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

எவ்வளவு துல்லியம்?

சூத்திரத்தை உருவாக்கப் பயன்பட்ட 66 நிறுவனங்களில், திவாலுக்கு ஓராண்டு முந்தைய கணக்குகளைக் கொண்டு 63 நிறுவனங்கள் சரியாக வகைப்படுத்தப்பட்டன; அதாவது 95 விழுக்காடு. பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவது இந்த எண்தான். காலம் பின்னோக்கிச் செல்லச் செல்லத் துல்லியம் குறைந்தது. திவாலான நிறுவனங்களில் இரண்டாண்டு முன்பே அடையாளம் காணப்பட்டவை 72 விழுக்காடு. மூன்றாண்டு முன்பு 48 விழுக்காடு மட்டுமே.

ஆல்ட்மன் புதிய நிறுவனங்களைக் கொண்டும் சோதித்தார். திவாலான வேறு 25 நிறுவனங்களில் 24 ஐச் சூத்திரம் கண்டுபிடித்தது. ஆனால் நட்டம் கண்டும் திவாலாகாத 66 நிறுவனங்களில் 14 ஐ அது திவாலாகும் என்று தவறாகச் சொன்னது. இவ்விரு தவறுகளும் ஒன்றல்ல. வீழப்போகும் நிறுவனத்தை நலமானது என்றால் கடன் கொடுத்தவர் பணத்தை இழப்பார். நலமான நிறுவனத்தை நோயாளி என்றால் அதற்குக் கடன் மறுக்கப்படும்; அந்த மறுப்பே அதை வீழ்த்தவும் கூடும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஆய்வில் பாதி நிறுவனங்கள் திவாலானவை. நடைமுறையில் திவால் என்பது அரிது. 1000 நிறுவனங்களில் ஓராண்டில் 20 வீழ்வதாகக் கொள்வோம். சூத்திரம் அவற்றில் 19 ஐக் கண்டுபிடிக்கிறது. நலமான 980 இல் பத்தில் ஒன்றை, அதாவது 98 ஐ, தவறாகச் சுட்டுகிறது. மொத்தம் 117 நிறுவனங்கள் சிவப்புக் குறி பெறும். அவற்றில் உண்மையில் வீழ்வது 19 தான். ஆகவே குறைந்த மதிப்பெண்ணை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாமல், மேலும் ஆராய்வதற்கான காரணமாகக் கொள்வதே சரி. அமெரிக்க நிறுவனங்களில் 1.81 க்குக் கீழ் இருப்பவை பிற்காலத்தில் பெருகிவிட்டதை ஆல்ட்மனே சுட்டிக்காட்டி, பழைய எல்லைகளை அப்படியே பயன்படுத்துவது குறித்து எச்சரித்துள்ளார்.

திருத்தங்களும் மாற்று முறைகளும்

முதல் சூத்திரம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட உற்பத்தி நிறுவனங்களுக்கு உரியது. சந்தை விலை இல்லாத தனியார் நிறுவனங்களுக்காக, சந்தை மதிப்புக்குப் பதில் கணக்கேட்டு மதிப்பைக் கொண்ட வடிவம் 1983 இல் வந்தது. அதில் எடைகளும் எல்லைகளும் மாறின. உற்பத்தி சாராத நிறுவனங்களுக்கான வடிவத்தில் விற்பனை விகிதமே நீக்கப்பட்டது. அது தொழிலுக்குத் தொழில் பெரிதும் மாறுபடுவதே காரணம். வங்கி போன்ற நிதி நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பு வேறு இயல்புடையது என்பதால் அவற்றுக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது.

1980 இல் ஜேம்ஸ் ஓல்சன், திவாலான 105 நிறுவனங்களையும் திவாலாகாத 2,058 நிறுவனங்களையும் கொண்டு, ஒன்பது மாறிகள் உள்ள 'ஓ மதிப்பெண்ணை' உருவாக்கினார். நடைமுறை விகிதத்திற்கு நெருக்கமான மாதிரி என்பதோடு, இம்முறை திவாலின் நிகழ்தகவையே விடையாகத் தந்தது. சில நிறுவனங்களின் ஆண்டறிக்கை திவால் மனுவுக்குப் பின்னரே வெளியாகிறது. அதைக் கொண்டு 'முன்கணித்ததாக'ச் சொல்ல முடியாது என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

2000 இல் ஜோசப் பியோட்ரோஸ்கி வேறொரு கேள்வியை எழுப்பினார். மலிவான பங்குகளில் தேறக்கூடியவை எவை என்பதே அது. அவருடைய 'எஃப் மதிப்பெண்' ஒன்பது எளிய வினாக்களைக் கேட்டு, ஒவ்வொரு 'ஆம்' என்பதற்கும் ஒரு புள்ளி தருகிறது. இலாபத்தைவிடச் செயல்பாட்டுப் பணவரவு அதிகமா என்பது அவற்றுள் ஒன்று. இக்கேள்வியின் அருமையை டபிள்யூ. டி. கிராண்ட் என்னும் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் வீழ்ச்சி முன்பே காட்டியிருந்தது. அந்நிறுவனம் ஆண்டுதோறும் இலாபம் காட்டியது. ஆனால் செயல்பாடுகளிலிருந்து பணம் வருவதற்குப் பதில் வெளியேறிக்கொண்டிருந்தது. 1975 அக்டோபரில் அது திவாலானது.

கணக்கே பொய்யானால்

இத்தகைய மதிப்பெண்கள் யாவும் நிறுவனம் தானே வெளியிடும் கணக்குகளை நம்பியிருக்கின்றன. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் தன் கடன்களைத் துணை அமைப்புகளின் பெயரில் மறைத்து வைத்தது. 2001 டிசம்பர் 2 அன்று அது திவால் மனு அளித்தது. அதற்கு நான்கு நாள் முன்பு வரை கடன் தர நிறுவனங்கள் அதை முதலீட்டுக்கு உகந்த தரத்திலேயே வைத்திருந்தன. இந்தியாவில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, இருப்பில் காட்டப்பட்ட ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் பொய் என்று 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டார். இல்லாத ரொக்கம் நடைமுறை மூலதனத்தை உயர்த்துகிறது; அதை ஈடுகட்ட எழுதப்படும் போலி இலாபம் மூன்றாம் விகிதத்தையும் இரண்டாம் விகிதத்தையும் உயர்த்துகிறது; அதை நம்பும் சந்தை நான்காம் விகிதத்தை உயர்த்துகிறது. ஒரு பொய் பல விகிதங்களில் நலமாகத் தோன்றும்.

இதனால் கணக்கின் நேர்மையையே அளக்கும் முயற்சியும் தோன்றியது. மெசோட் பெனிஷ் 1999 இல் வெளியிட்ட 'எம் மதிப்பெண்' எட்டு மாறிகளைக் கொண்டது. விற்பனையைவிட வரவேண்டிய கடன்கள் வேகமாகப் பெருகுகின்றனவா, தேய்மான வீதம் திடீரெனக் குறைக்கப்பட்டதா போன்ற தடயங்களை அது தேடுகிறது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் 1998 இலேயே பெனிஷின் முறையைக் கொண்டு என்ரான் கணக்குகளை ஆராய்ந்து, அவற்றில் திரிபு இருக்கலாம் என்று எழுதி, அதன் பங்குகளை விற்கப் பரிந்துரைத்திருந்தனர்.

இன்றைய நிலை

இன்று நிதித் தகவல் சேவைகள் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இசட் மதிப்பெண்ணைத் தாமாகவே கணித்துக் காட்டுகின்றன. மதிப்பெண்ணைப் படிப்போர் மூன்றைக் கவனிப்பது வழக்கம். நிறுவனத்தின் தொழிலுக்கு ஏற்ற வடிவம் பயன்பட்டுள்ளதா என்பது முதலாவது. ஓராண்டு எண்ணைவிடப் பல ஆண்டுகளின் போக்கு என்ன என்பது இரண்டாவது. மதிப்பெண் மாறியதற்கு ஐந்தில் எந்த விகிதம் காரணம் என்பது மூன்றாவது. விற்பனை சரிந்து இறங்கிய மதிப்பெண்ணும், புதிய ஆலைக்குக் கடன் வாங்கியதால் இறங்கிய மதிப்பெண்ணும் ஒரே எண்ணாக இருக்கலாம். அவை சொல்லும் செய்தி ஒன்றல்ல.