விமானம்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானம் என்றால் கருவறைமேல் ஓங்கும் கற்கட்டடம். முதலாம் இராசேந்திரன் எழுப்பியது. அளத்தல் என்னும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல், அளந்து அமைத்தது என்று பொருள். புராணத்தில் தேவர்களின் வானூர்திக்கும் இதே பெயர். ஏரோபிளேன் வந்தபோது தமிழில் பெயர் தயாராக இருந்தது.

முதல் உலகப்போரின் ஈரடுக்குச் சிறகு விமானத்துக்கு வேர்ப்பொருளும் அழகாகப் பொருந்தும். மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணி; இரு சிறகுகளையும் பிணைக்கும் குத்துக்கட்டைகள், குறுக்குக் கம்பிகள். கம்பி தளர்ந்தால் சிறகின் கோணமே பிசகும். அத்தகைய விமானமான சாப்வித் கேமலின் இரட்டைத் துப்பாக்கிகள் சுழலும் விசிறியின் இடைவெளி பார்த்துச் சுட்டன. அதை ஓட்டிய இந்தியர்களில் ஒருவர் ஹர்தித் சிங் மாலிக். எஸ்.இ.5ஏ என்னும் ஈரடுக்கு விமானத்தை ஓட்டிய கல்கத்தா இந்திரலால் ராய், 10 வெற்றிகளுக்குப் பின், 1918 ஜூலையில் பிரான்சில் போரில் இறந்தார். வயது 19.